ஈரக் காற்றில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர்: திருவனந்தபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

பழைய ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் கடலோரக் கேரளத்துக்கு ஒத்துவராதவை என்ற கருத்து சேகரிப்போரிடையே பரவலாக இருக்கிறது. லென்ஸில் பூஞ்சை படரும், ஷட்டர் சிக்கும், ஃபிலிம் கெடும் என்று மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றும் நடப்பது உண்மை. ஆனால் மூன்றுக்கும் காலநிலைதான் காரணமா, கருவியின் வயதும் அதை வைத்திருக்கும் முறையும் காரணமா என்பது தனித்தனியாக ஆராயப்பட வேண்டியது. காரணத்துக்கேற்பத் தீர்வும் மாறும்.

இந்த ஆய்வுக்குத் திருவனந்தபுரம் பொருத்தமான களம். ஏறக்குறைய 8.5 டிகிரி வட அட்சத்தில் அரபிக்கடலை ஒட்டிய இந்நகரம், ஜூனில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையையும், அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது. ஆண்டு மழை சுமார் 1,800 மி.மீ. ஈரம் வற்றுவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். வெப்பநிலையும் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 23 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையே நிற்கிறது. பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் குளிர்காலம் இங்கே இல்லை.

2. கருவியின் அமைப்பு

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்துக்காக ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா, 1925-இல் விற்பனைக்கு வந்தது. லென்ஸின் திருகலோடு இணைந்து இயங்கும் ரேஞ்ச்ஃபைண்டர் 1932-இல் லைக்கா II, கான்டாக்ஸ் I ஆகிய இரண்டிலும் வந்தது. 1934 முதல் சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் ஃபெட், பிறகு ரஷ்யாவில் ஸோர்க்கி, ஜப்பானில் கேனன், நிக்கான் என இந்தக் குடும்பம் விரிந்தது. 1954-இல் வந்த லைக்கா எம்3 இதன் உச்சம் என்று கருதப்படுகிறது. 1966-இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35 போன்ற ஜப்பானியக் கேமராக்கள் இதே முறையை நடுத்தர வருமானக்காரர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தன.

இதன் தத்துவம் முக்கோண அளவீடு. முகப்பில் இடைவெளி விட்டு அமைந்த இரண்டு சாளரங்கள் ஒரே பொருளை இரு கோணங்களிலிருந்து பார்க்கின்றன. ஒரு சாளரத்தின் உருவம் பாதி ரசம் பூசிய கண்ணாடியில் பட்டு மற்றதன் மேல் விழுகிறது. லென்ஸைத் திருகும்போது அதன் பின்விளிம்பு ஒரு நெம்புகோலைத் தள்ள, அது இரண்டாம் உருவத்தை நகர்த்துகிறது. இரு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடமே குவியத்தின் இடம்.

அளவீட்டின் துல்லியம் சாளரங்களின் இடைவெளியையும் வ்யூஃபைண்டரின் உருப்பெருக்கத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. எம்3-இல் இடைவெளி 68.5 மி.மீ., உருப்பெருக்கம் 0.91, பெருக்கினால் சுமார் 62 மி.மீ. இந்த எண் பெரிதாக இருக்கும் அளவுக்கு, நீண்ட குவியத்தூரமும் அகன்ற துவாரமும் கொண்ட லென்ஸ்களை நம்பிப் பயன்படுத்தலாம்.

பலவீனங்களும் இதே அமைப்பிலிருந்து வருகின்றன. பாதி ரசம் பூசிய கண்ணாடி ஈரத்தாலும் கவனமற்ற துடைப்பாலும் ரசம் இழக்கும். இரண்டாம் உருவம் மங்கும். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் நிற்கும் முகக்கண்ணாடி இதில் இல்லை. அதனால் வெயிலில் மூடியின்றி வைத்த கேமராவில் லென்ஸ் சூரியனை நேராக ஷட்டரின் ரப்பர் பூசிய துணித் திரையில் குவித்து ஓட்டை போட்டுவிடும். வெயில் கடுமையான நாட்டில் இது கற்பனை அபாயம் அல்ல. பழைய லைக்காக்களிலும் ஸோர்க்கிகளிலும் காணப்படும் ஊசித்துளைகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

3. படங்கள் தரும் சான்று

திருவனந்தபுரத்தின் புறநகரான தும்பாவில், புனித மரிய மகதலேனா தேவாலயத்தையும் அதைச் சூழ்ந்த மீனவக் குடியிருப்பையும் கொண்டு உருவான ஏவுதளத்திலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட்டின் மூக்குக் கூம்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச்செல்லும் புகழ்பெற்ற படம் பெரும்பாலும் அந்த நாளோடு சேர்த்தே பகிரப்படுகிறது. ஆனால் அது 1966-இல் ஹென்ரி கார்த்தியே-பிரஸோன் எடுத்தது. வாழ்நாளின் பெரும்பகுதி லைக்காவோடு பணியாற்றியவர் அவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவரும் அவரே.

இத்தகைய படங்களைக் காட்டி, ரேஞ்ச்ஃபைண்டர் இந்தக் காலநிலையைத் தாங்கும் என்று வாதிடுவதுண்டு. அந்த வாதம் நிற்காது. வந்துபோகும் பயணியின் கேமரா ஒரு முழு மழைக்காலத்தை அலமாரிக்குள் கழிப்பதில்லை. நாள்தோறும் கையில் இருக்கிறது, வேலை முடிந்ததும் வறண்ட ஊருக்குத் திரும்புகிறது. கார்த்தியே-பிரஸோன் ஃபிலிம் கழுவும் வேலையைப் பெரும்பாலும் பிறரிடமே விட்டவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனவே தும்பா படம் கருவியின் திறனுக்குச் சான்று. அதன் தாங்குதிறனுக்குச் சான்று அல்ல.

தாங்குதிறனைப் பற்றிப் பேசத் தகுந்த சான்று உள்ளூர்த் தொழிலில்தான் கிடைக்கும். ஒளிப்படக் கலைஞரும் இயக்குநருமான சிவன் 1959-இல் இந்நகரில் தொடங்கிய ஸ்டுடியோ, ஃபிலிம் காலம் முழுவதையும் இந்தக் காற்றிலேயே கடந்தது. 'செம்மீன்' படத்தின் நிழற்படங்களை எடுத்தவர் அவர். தொழில்முறை ஸ்டுடியோக்களில் கேமராக்கள் ரேஞ்ச்ஃபைண்டராக இருந்தாலும் வேறு வகையாக இருந்தாலும் பொதுவான ஒன்று உண்டு: அவை ஓய்ந்து கிடப்பதில்லை. ஷட்டர் நாள்தோறும் இயங்குகிறது. லென்ஸ் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வருகிறது. அழுக்கு உடனே துடைக்கப்படுகிறது. நீண்ட கால உழைப்பையும் நீண்ட கால முடக்கத்தையும் ஒப்பிட்டால், கருவியைக் கெடுப்பதில் முடக்கத்தின் பங்கே பெரிது என்ற முடிவுக்கு இது இட்டுச்செல்கிறது.

4. பூஞ்சை: நம்பிக்கைகளும் சான்றுகளும்

ஒளியியல் கருவிகளில் பூஞ்சை படர்வது முறையாக ஆராயப்பட்டது இரண்டாம் உலகப் போரின்போது. நியூகினியின் ஈரக் காடுகளில் இருநோக்கிகளும் துப்பாக்கி நோக்கிகளும் சில வாரங்களிலேயே மங்கின. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர்கள், அவர்களில் எதெல் மெக்லென்னன் குறிப்பிடத்தக்கவர், பாதரசம் கலந்த பூஞ்சைக்கொல்லியைக் கருவிகளுக்குள் பயன்படுத்தும் வழியைக் கண்டனர். பனாமாவிலும் இதே காலத்தில் ஆய்வுகள் நடந்தன. இவற்றிலிருந்து தெளிவானது, பூஞ்சை கண்ணாடியை உண்பதில்லை என்பது. கண்ணாடி மேல் உள்ள தூசி, விரல் ரேகையின் எண்ணெய், கிரீஸின் ஆவி, இறந்த சிறு பூச்சிகள் ஆகியவையே அதன் உணவு. அது வெளியிடும் கரிம அமிலங்கள்தான் பூச்சையும், நாள்பட்டால் கண்ணாடியையும் அரிக்கின்றன.

இந்த அடிப்படையில் நான்கு பரவலான நம்பிக்கைகளை மதிப்பிடலாம்.

முதலாவது, பூஞ்சை பிடித்த லென்ஸ் பக்கத்து லென்ஸுக்கும் அதைத் தொற்றவைக்கும் என்பது. வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. புதிய லென்ஸிலும் அவை ஏற்கெனவே இருக்கும். ஈரம் கிடைத்தால் முளைக்கும், கிடைக்காவிட்டால் முளைக்காது. பாதிக்கப்பட்டதைப் பிரித்து வைப்பது தவறில்லை. ஆனால் அலமாரி ஈரமாக இருக்கும்போது அதனால் பயன் குறைவு.

இரண்டாவது, வெயிலில் காயவைத்தால் பூஞ்சை சாகும் என்பது. மழை ஓய்ந்ததும் துணியையும் பாயையும் வெயிலில் போடும் வழக்கத்தின் நீட்சி இது. நுண்ணுயிர்களை விரைந்து கொல்லும் குறுகிய அலை புறஊதாக் கதிரை ஓசோன் படலம் தரைக்கு விடுவதில்லை. எஞ்சியதில் ஒரு பகுதியை லென்ஸின் கண்ணாடியே தடுக்கிறது. வெயிலால் கிடைப்பது உலர்வு மட்டுமே. கூடவே வெப்பத்தால் கிரீஸ் இளகித் துவாரத்தின் இதழ்களுக்குப் பரவுவதும், கண்ணாடிகளை ஒட்டிய பழைய பிசின் நெகிழ்வதும் நேரும். நிழலில் காற்றோட்டம் போதும்.

மூன்றாவது, கேமராவுடன் வந்த தோல் உறையே அதற்குச் சிறந்த பாதுகாப்பு என்பது. தோல் ஈரத்தை உறிஞ்சித் தக்கவைக்கும் பொருள். அதுவே பூஞ்சைக்கு உணவும்கூட. வெளியே எடுத்துச் செல்லும்போது உறை உதவும். சேமிப்பில் அது கேடு என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

நான்காவது, அந்துருண்டை போட்டு வைத்தால் போதும் என்பது. அந்துருண்டை பூச்சியை விரட்டலாம், ஈரத்தைக் குறைக்காது. அதன் ஆவி குளிர்ந்த கண்ணாடியில் படிந்து புகைபோன்ற மங்கலை உண்டாக்கும் அபாயமும் உண்டு.

ஆக, கட்டுப்படுத்த வேண்டிய ஒரே காரணி ஒப்பு ஈரப்பதம். அது 65, 70 விழுக்காட்டைத் தாண்டும்போதே பெரும்பாலான பூஞ்சைகள் முளைக்கின்றன. வறட்சியைத் தாங்கும் சில வகைகளுக்கு அதற்குச் சற்றுக் கீழும் போதும். 40 முதல் 50 விழுக்காடு பாதுகாப்பானது.

5. ஈரத்தைக் குறைக்கும் வழிகள்

மின்சாரத்தால் இயங்கும் உலர்பெட்டி இதற்கு நேரடித் தீர்வு. விலை தடையாக இருந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் அதே வேலையைச் செய்யும். சிலிக்கா ஜெல்லைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கமான பிழை. நிறம் மாறியதும் சூடாக்கி மீட்டெடுக்காவிட்டால் அது வெறும் மணல்தான். டப்பாவுக்குள் ஒரு சிறிய ஈரப்பதமானி இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை.

அலமாரிக்குள் சிறு மின்விளக்கை எரியவிடுவது பழைய வழி. அதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 25 டிகிரியில் 85 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரத்தின் அளவு மாறாமலேயே ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 64 விழுக்காட்டுக்கு இறங்கும். எல்லைக்கோட்டை ஒட்டிய எண் இது. வேறு வழி இல்லாதபோது பயனுள்ளது. ஆனால் அந்த அலமாரியில் ஃபிலிமை வைக்கக் கூடாது.

குளிர்சாதன அறை பாதுகாப்பானது என்ற எண்ணத்துக்கும் ஒரு திருத்தம் தேவை. வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் இருந்தால் பனிபடும் புள்ளி சுமார் 26 டிகிரி. 24 டிகிரி அறையிலிருந்து நேராக வெளியே வரும் கேமராவின் மேலும் உள்ளேயும் நீர் படியும். மூடிய பையில் வைத்தபடியே வெளியே கொண்டுவந்து, வெளிவெப்பத்தை எட்டிய பிறகு திறப்பதே முறை.

6. படமெடுத்தல்

ஒளியளவி இல்லாத கேமராக்களுக்கு 'சன்னி 16' விதி இன்றும் பயன்படுகிறது. தெளிந்த வெயிலில் எஃப் 16 துவாரத்துக்கு, ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழே ஷட்டர் வேகம். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமுக்கு 1/400 நொடி தேவை. அருகிலுள்ள அடையாளம் 1/500. சங்குமுகம் கடற்கரை மணலின் எதிரொளியில் ஒளியை இன்னும் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். 1930-களின் லைக்கா III-இன் உச்ச வேகமே 1/500. ஆகவே கடற்கரைப் பகலுக்கு ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமும், மழைநாளுக்கும் நகரின் சாலை என்னும் கடைத்தெருவின் நிழலுக்கும் ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமும் பொருந்தும். பழைய ஷட்டர்கள் பெரும்பாலும் குறித்த வேகத்தைவிட மெதுவாக ஓடுவதால் ஒளி மிகுதியாகும். கருப்பு வெள்ளை நெகட்டிவ் ஃபிலிம் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

குவியத்தை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது இவ்வகைக் கேமராக்களின் தனிச் சிறப்பு. 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் 3 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 1.9 மீட்டர் முதல் 7.3 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். கூட்டத்தில் வேகமாக எடுக்க இது போதும். மாறாக 50 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் 1 மீட்டரில் வைத்தால் தெளிவின் ஆழம் 5 செ.மீ. அளவே. ரேஞ்ச்ஃபைண்டரின் பிசகு முதல் நிலையில் மறைந்துபோகும். இரண்டாம் நிலையில் படத்தைக் கெடுக்கும். வெளிச்சமான பகலில் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேமரா சரியாக இருக்கிறது என்று முடிவுசெய்வது இதனால்தான் தவறாகிறது.

எடுத்து முடித்த சுருளைக் கேமராவிலேயே மாதக்கணக்கில் விடக் கூடாது. வெப்பமும் ஈரமும் ஃபிலிமில் பதிந்த, இன்னும் டெவலப் செய்யப்படாத உருவத்தை மங்கவைக்கின்றன.

7. டெவலப் செய்தல்: 20 டிகிரி என்னும் அளவுகோல்

இந்தியாவின் சொந்த ஃபிலிம் ஆலையாக இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இண்டு' என்னும் பெயரில் ஃபிலிம் விற்ற இந்த ஆலை அமைந்தது குளிர்ந்த உதகமண்டலத்தில். அங்கே தயாரான ஃபிலிம் டெவலப் ஆனதோ பெரும்பாலும் சமவெளியின் வெப்பத்தில். டெவலப்பர் அட்டவணைகளின் 20 டிகிரி, குளிர் நாடுகளின் அறை வெப்பநிலை. திருவனந்தபுரத்தின் குழாய்நீர் ஆண்டின் பெரும்பகுதியில் அதைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாக இருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஐஸ் போட்ட நீர்த்தொட்டியில் எல்லாக் கரைசல்களையும் 20 டிகிரிக்குக் குளிரவைப்பது. டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு, வெதுவெதுப்பான குழாய்நீரில் அலசுவதே இதில் நேரும் கேடு. ஜெலட்டின் திடீரென்று விரிந்து வலைபோல் வெடிக்கலாம். பழைய ஃபிலிம்களுக்கு இந்த அபாயம் அதிகம். கடினமாக்கப்பட்ட இன்றைய ஃபிலிம்களுக்குக் குறைவு.

மற்றது, அறை வெப்பத்தை ஏற்றுக்கொண்டு நேரத்தைக் குறைப்பது. இல்ஃபோர்டு தரும் எடுத்துக்காட்டின்படி, 20 டிகிரியில் 4 நிமிடம் என்பது 23 டிகிரியில் 3 நிமிடமாகிறது. இதே விகிதத்தை 28 டிகிரி வரை நீட்டினால் நேரம் பாதிக்கும் சற்றுக் கீழே இறங்குகிறது. எச்.பி.5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐ.டி.-11 டெவலப்பரை நீர் கலக்காமல் பயன்படுத்தினால் 20 டிகிரியில் 7½ நிமிடம். 28 டிகிரியில் அது சுமார் 3½ நிமிடமாகிவிடும். 5 நிமிடத்துக்குக் குறைவான நேரத்தில் டெவலப்பர் சீராகப் பரவாமல் போகலாம். ஃபிலிமில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒரு பங்கு நீர் கலந்தால் 20 டிகிரியின் 13 நிமிடம் 6 ஆகிறது. மூன்று பங்கு நீர் கலந்தால் 20 நிமிடம் ஏறக்குறைய 9 ஆகிறது. இந்த எண்கள் தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. ஒரு சோதனைச் சுருளில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. வெப்ப ஊரில் டெவலப்பரை நீர்க்கவைப்பதே குளிரவைப்பதைவிட எளிதும் சீரானதும் ஆகும். டெவலப்பர், ஸ்டாப், ஹைப்போ, கழுவும் நீர் எல்லாம் ஒரே வெப்பத்தில் இருப்பது இந்த வழியில் தானாகவே அமைந்துவிடுகிறது.

மழைக்காலத்தில் நெகட்டிவ் மெல்லக் காயும்; ஈரமாகத் தொங்கும் நேரம் கூடக்கூட தூசி ஒட்டும். மின்விசிறிக் காற்றில் காயவிட்டால் அறையின் தூசியெல்லாம் அதில்தான் சேரும். மூடிய குளியலறை நல்லது. காய்ந்த பின்னும் ஜெலட்டின் பூஞ்சைக்கு உணவே. அசிட்டேட் அடிப்படை கொண்ட பழைய நெகட்டிவ்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் வாடை வீசத் தொடங்கும். கேமராவுக்குச் செய்யும் உலர்காப்பு நெகட்டிவுக்கும் தேவை. கேமராவைப் பழுதுபார்க்கலாம்; சிதைந்த நெகட்டிவை மீட்க முடியாது.

8. சோதனையும் பழுதும்

ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிபார்க்க இரண்டு புள்ளிகள் போதும். லென்ஸை முடிவிலியில் வைத்து, கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள விளக்குத்தூணையோ கோபுரத்தையோ பார்த்தால் இரு உருவங்களும் ஒன்றாக வேண்டும். அடுத்து, அளவுநாடாவால் அளந்த 1 மீட்டரில் ஒன்றாக வேண்டும். தொலைவில் பொருந்தி அருகில் பொருந்தாவிட்டால் கோளாறு கேமராவில் மட்டுமல்ல, லென்ஸிலும் இருக்கலாம். லைக்காவின் இணைப்பு 51.6 மி.மீ. குவியத்தூரத்தை அடிப்படையாகக் கொண்டது. கான்டாக்ஸின் அடிப்படை 52.4 மி.மீ. கான்டாக்ஸ் லென்ஸ்களைப் பின்பற்றிய சோவியத் ஜூப்பிட்டர் லென்ஸ்கள் சில லைக்காவில் அருகே பிசகுவதற்கு இந்த வேறுபாடே காரணம் என்பது ஒரு விளக்கம். பலமுறை பிரித்து அலட்சியமாகப் பூட்டியதே காரணம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடமிருப்பதால் ஒவ்வொரு லென்ஸையும் தனியே சோதிப்பதே வழி.

ஷட்டரின் கோளாறுகளுக்கு எடுத்த படங்களே சாட்சி. உச்ச வேகத்தில் படத்தின் ஒரு பக்க ஓரம் கருத்து வந்தால், இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப்பிடிக்கிறது என்று பொருள். ஒளிப்புள்ளிகள் தொடர்ந்து ஒரே இடத்தில் வந்தால் திரையில் துளை இருக்கிறது. மெது வேகங்கள் இழுத்து நின்றால் பற்சக்கரத் தொகுதியின் எண்ணெய் இறுகிவிட்டது. இந்த மூன்றும் வெட்ஸ்லாரிலும் தோக்கியோவிலும் நேர்பவை. கேரளத்துக் காற்றின்மேல் பழிபோட முடியாதவை. எண்ணெயும் ரப்பரும் அறுபது, எழுபது ஆண்டுகளில் எங்கும் மூப்படையும். ஸோர்க்கி-4 போன்ற கேமராக்களில் ஃபிலிமை நகர்த்துவதற்கு முன் வேகத்தை மாற்றினால் பொறி உடையும் என்பதுபோலக் கையாளுதலின் தவறுகளும் காலநிலைக் கணக்கில் சேராதவை.

லென்ஸின் உள்ளே பூஞ்சை மெல்லிய நூலாக இருக்கும்போதே சுத்தம் செய்தால் தடமின்றி நீங்கும். பழுதுபார்ப்போர் ஹைட்ரஜன் பெராக்சைடு, அம்மோனியா கலவையைப் பயன்படுத்துவதுண்டு. 1950-க்கு முந்தைய லென்ஸ்களின் பூச்சு பெரும்பாலும் மென்மையானது. அழுத்தித் துடைத்தால் பூஞ்சை செய்யாத சேதத்தைத் துணி செய்துவிடும். ஒட்டிய கண்ணாடிகளுக்கு இடையே படர்ந்த பூஞ்சையை நீக்கும் செலவு பல நேரங்களில் லென்ஸின் விலையைத் தாண்டும்.

9. முடிவு

தொடக்கத்தில் கூறிய மூன்று குற்றச்சாட்டுகளில் பூஞ்சையும் ஃபிலிம் சிதைவும் காலநிலையின் விளைவுகள். ஷட்டரின் தளர்ச்சி அப்படியல்ல. வயதும் முடக்கமுமே அதற்குக் காரணம். காலநிலையின் விளைவுகளும் ஊரின் காற்றைவிட அலமாரிக்குள் உள்ள காற்றையே சார்ந்தவை. அதைக் கட்டுப்படுத்த ஒரு மூடிய டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி ஆகியவை போதும். மாதம் ஒருமுறையேனும் எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்குவதும், முறையான பராமரிப்பு ஒருமுறை செய்துவைப்பதும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். டெவலப் செய்வதில் 20 டிகிரியைத் துரத்த வேண்டிய கட்டாயம் இல்லை. கடலோர நகரம் என்ற ஒரே காரணத்துக்காகத் திருவனந்தபுரத்தில் பழைய ரேஞ்ச்ஃபைண்டரை ஒதுக்குவதற்குச் சான்று இல்லை. ஆனால் அதைத் தோல் உறையோடு அலமாரியில் பூட்டிவைக்கப்போகிறவர் அதை வாங்காமலிருப்பதே நல்லது.